எழுத்தோடேக்கை கதைக்காதேங்கோ

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு ஹரோவில் அம்மா வீட்டில் ஒன்பது பேர் ரீவிக்கு முன்னால் இருந்தோம். செற்றியில் ஐந்து பேர், நிலத்தில் மூன்று பேர், அம்மா தன்னுடைய கதிரையில். நாடகத்தின் கதை எங்களில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. கொலை செய்தது யார் என்று கண்டுபிடிக்கிற நாடகம். கண்டுபிடித்தும் விட்டார்கள். யார் என்று இப்போது கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை.

நாங்கள் காத்திருந்தது கடைசியில் ஓடும் எழுத்துக்கு. அக்காவின் மகள் உடுப்புப் பகுதியில் உதவியாளராக வேலைசெய்த முதல் நாடகம் அது. விடிய நாலரைக்கு எழும்பி, ரயில் பிடித்து, பொலிஸ்காரர் போடுகிற மழைக்கோட்டில் நேற்று இருந்த இரத்தக்கறை இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறதா என்று படத்தோடு படம் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. குளிரில் நின்று நின்று இரண்டு தரம் காய்ச்சல் வந்தது. சம்பளத்தைத் தவிர அவளுக்குக் கிடைக்கப்போவது ஒரு வரி.

நடிகர்களின் பெயர்கள் போயின. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னுக்கு நகர்ந்தார். அந்த நேரம் பார்த்துப் படம் மளாரென்று சுருங்கி ஒரு மூலைக்குள் தீப்பெட்டி அளவில் போய் நின்றது. மிச்சத் திரையில் யாரோ கேக்குக்கு மா குழைக்கிறார்கள். ஒரு பெண் குரல், நல்ல உற்சாகமான குரல், அடுத்ததாக என்ன, செவ்வாய்க்கிழமை என்ன என்று சொல்லத் தொடங்கியது. நாடகத்தின் இசை அந்தக் குரலுக்குக் கீழே அமுங்கிப்போனது.

"எங்கை தம்பி பேர்?"

"உதுக்குள்ளைதான் போகுது, அம்மா."

"உந்தப் பொம்பிளை ஏன் குறுக்காலை கதைக்கிறா?"

ரெக்கோட் பண்ணியிருந்தோம் என்பதால் பின்னுக்கு ஓட்டி நிற்பாட்டினோம். எழுத்து ஒவ்வொன்றும் எள்ளளவு. நிற்பாட்டினால் இன்னும் கலங்கியது. அம்மா எழும்பிப் போய் ரீவியில் மூக்கு முட்ட நின்று பார்த்தார். மகன் போனில் படம் எடுத்துப் பெருப்பித்தான். எறும்பு ஊர்ந்த மாதிரி வந்தது. கடைசியில் அத்தான்தான் வழி சொன்னார். வெள்ளைக்காரரின் பெயர்கள் எல்லாம் குட்டிக் குட்டி, எங்கடை பேர்தான் சந்திவரைக்கும் போகும், ஆகவே அந்த நிரலில் ஆக நீளமான வரி எதுவோ அதுதான் பிள்ளை. எல்லோரும் கைதட்டினோம். படம் உடனேயே ரொறொன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பறந்தது. ரொறொன்ரோச் சின்னம்மா பதில் போட்டார்: "வடிவா இருக்கு. எது பிள்ளையின்ரை பேர்?"

எந்தச் சானல் என்று சொல்லப்போவதில்லை. எல்லோரும் செய்கிற வேலைதான்.

யாழ்ப்பாணத்தில் படத்தில் பெயர் போடுவதை எழுத்தோட்டம் என்போம். தமிழ்நாட்டு நண்பர்கள் டைட்டில் என்பார்கள். எழுத்தோட்டம் தவறினால் படமே தவறின மாதிரி என்பது அப்பாவின் கட்சி. அம்மா சேலை கட்டி முடிய முந்தி அவர் சைக்கிளோடு கேற்றடியில் நின்று மணி அடிப்பார். பழைய தமிழ்ப் படங்கள் எல்லாப் பெயரையும் முன்னுக்கே போட்டுவிட்டு, முடிவில் 'வணக்கம்' அல்லது 'சுபம்' என்ற ஒரு சொல்லோடு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும். ஹொலிவூட்டிலும் வெகுகாலம் பெரும்பாலும் அப்படித்தான். பிறகுதான் பட்டியல் நீண்டு நீண்டு வாலுக்குப் போனது. 'த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பாக்' (1980) படத்தில் இயக்குநரின் பெயரைத் தொடக்கத்தில் போடாமல் முடிவில் போட்டதற்காக அமெரிக்க இயக்குநர் சங்கம் அபராதம் விதித்தது. படத்தைத் தயாரித்த ஜோர்ஜ் லூக்காஸ் கோபித்துக்கொண்டு சங்கத்தை விட்டே வெளியேறினார். பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதற்கே அவ்வளவு சண்டை.

எனக்கு அறிவிப்பாளர் என்றால் முதலில் ஞாபகம் வருவது றேடியோதான். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி, தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்டாண்டில் விட்டு, டைனமோவைச் சில்லில் முட்டவைத்து, வயர் இழுத்து றேடியோவில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவோம். சுற்றுகிற ஆள் நான். கேட்கிற ஆள் அப்பா. கை ஓய்ந்தால் பாட்டும் தேய்ந்துவிடும்.

எனக்குக் களைப்பு வருவது எப்போதும் பாட்டு முடியும் இடத்தில். இனி அறிவிப்பாளர்தானே கதைக்கப்போகிறார், கொஞ்சம் விடுவோம் என்று நினைப்பேன். அப்பா விடமாட்டார். "சுத்து, சுத்து, பேர் சொல்லப்போறார்" என்பார். படம், பாட்டெழுதியவர், இசை, பாடியவர்கள். இலங்கை வானொலியில் அந்த ஒழுங்கு கோவில் பூசை மாதிரி. 'பாலும் பழமும்', கண்ணதாசன், விஸ்வநாதன் ராமமூர்த்தி, சுசீலா என்று அப்பாவின் வாயும் கூடவே அசையும். தமிழ்த் திரைப்பாட்டில் எனக்கு இருக்கிற அறிவு முழுக்கக் கைநோவோடு வந்தது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் வளர்ந்த என் வயதுக்கு மூத்தவர்களும், அந்தக் குரல்கள் வழியாகத்தான் யார் எந்தப் பாட்டை எழுதினது என்று படித்தோம் என்பார்கள்.

அதோடு அந்த அறிவிப்பாளர்களின் பெயரும் எல்லோருக்கும் தெரியும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். முகம் தெரியாது, பெயர் தெரியும். சொந்தக்காரர் மாதிரித்தான் வீட்டில் அவர்களைப் பற்றிக் கதைப்போம்.

அப்படி வளர்ந்த ஒருவன் லண்டனுக்கு வந்து, இங்கே ரீவி அறிவிப்பாளரின் வேலையில் ஒரு பங்கு பெயர்கள் ஓடும்போது குறுக்கே கதைப்பது என்று கண்டால் எப்படி இருக்கும்! எனக்கு அது ஒருவகையான மரியாதைக் குறைவாகப் பட்டது. இப்போதும் படுகிறது. ஆனால் இவர்களின் தொழில் அப்படித் தொடங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

வட லண்டனில் அலெக்சாண்ட்ரா பேலஸ் என்று மேட்டில் ஒரு பெரிய கட்டடம். 1936 நவம்பர் 2ஆம் திகதி பிபிசி தன் தொலைக்காட்சியை அங்கிருந்துதான் தொடங்கியது. முதல் அறிவிப்பாளர்கள் மூன்று பேர்: ஜாஸ்மின் பிளை, எலிசபெத் கவல், லெஸ்லி மிச்சல். மூவரும் திரையில் முகம் காட்டிப் பேசியவர்கள், அந்தக் காலத்தில் பெயர்போனவர்கள். யுத்தத்துக்காக 1939இல் மூடிய ஒளிபரப்பு 1946 ஜூன் 7ஆம் திகதி திரும்பத் தொடங்கியபோது, முதலில் வந்து நின்று வரவேற்றதும் அதே ஜாஸ்மின் பிளைதான். ஏழு வருடம் இருண்டு கிடந்த பெட்டியில் பழைய முகம்.

அப்போது அறிவிப்பாளர் இல்லாமல் முடியாது. ஏறக்குறைய எல்லாமே நேரடி ஒளிபரப்பு. ஒரு நாடகம் முடிந்து அடுத்ததற்குக் கமெராவை உருட்டிக்கொண்டு போக நேரம் வேண்டும், எதுவும் எந்த நேரமும் பழுதாகும். அந்த இடைவெளியை ஒரு மனிதர்தான் நிரப்பவேண்டும். அதற்கும் மேலே தேவைப்பட்டால் சிறு படங்கள் வைத்திருந்தார்கள். 1950களில் ஆகப் பிரபலமானது குயவனின் சக்கரம்: இரண்டு கை களிமண்ணை வனைந்துகொண்டே இருக்கும், பானை மட்டும் முடியாது. எங்கள் பக்கத்தில் தூர்தர்ஷன் போட்ட 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குயவன் எவ்வளவோ மேல்.

பிறகு எல்லாம் டேப்பில் வந்தது, டேப் கம்ப்யூட்டருக்குள் போனது, இடைவெளி மறைந்தது. பிபிசியில் அறிவிப்பாளரின் முகமும் போய்க் குரல் மட்டும் மிஞ்சியது. குரல் நிற்பதற்கு இடம் தேவைப்பட்டபோது கண்ணில் பட்டது எழுத்தோட்டம். ஒருவரும் வாசிக்காத அரை நிமிஷம் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கை அமெரிக்காவில்தான் ஈவிரக்கம் இல்லாமல் போட்டார்கள். கையில் ரிமோட் வந்த சனம் பெயர் ஓடத் தொடங்கியதும் வேறு சானலுக்குத் தாவுகிறது என்று கண்டு, 1994இல் என்பிசி பெயர்ப்பட்டியலைத் திரையின் ஒரு பக்கத்துக்கு நெருக்கிவிட்டு மற்றப் பக்கத்தில் அடுத்த நிகழ்ச்சியைக் காட்டத் தொடங்கியது. மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். அதற்கு முந்தியே அங்கே எழுத்தோட்டத்துக்கு மேலே கதைக்கிற வழக்கம் இருந்தது. ஏபிசியின் குரலாகப் பல வருடம் இருந்த ஏர்னி அண்டர்சன் என்பவரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'த லவ் போட்' என்ற தொடரின் பெயரை அவர் இழுக்கிற இழுப்பில் கப்பலே ஒரு சுற்றுச் சுற்றி வரும். அவருடைய மகன்தான் இயக்குநர் போல் தோமஸ் அண்டர்சன். ஏர்னி 1960களில் கிளீவ்லாண்டில் பேய்ப்படங்களுக்கு இடையில் வேஷம் போட்டு வந்த பாத்திரத்தின் பெயர் கூலார்டி; மகனுடைய கம்பனியின் பெயர் கூலார்டி ஃபிலிம் கம்பனி. மற்றவர்களின் பெயர்களுக்கு மேலே கதைத்துச் சம்பாதித்த தகப்பனுக்கு, மகன் தன் படங்களின் எழுத்தோட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். எனக்கு இந்தச் செய்தியில் ஒரு அற்ப சந்தோஷம்.

இங்கே பிரித்தானியாவில் இந்த வேலை நடக்கிற இடம் ஒரு சின்ன அறை. ஒரு மைக், எதிரே திரைகள், விநாடி இறங்குகிற ஒரு கடிகாரம். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள சந்தியை ஜங்ஷன் என்கிறார்கள், எங்கள் ரயில் ஜங்ஷன் மாதிரி. பெரிய சானல்களில் இன்றைக்கும் பெரும்பாலும் ஓர் ஆள் அந்த அறையில் இருந்து, கடிகாரத்தைப் பார்த்து, சரியான விநாடியில் தொடங்கிச் சரியான விநாடியில் முடிக்கிறார். ஒரு வசனம் நீண்டால் அடுத்த நிகழ்ச்சியின் தலையில் போய் இடிக்கும். நான் செய்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இடி விழுந்த கதைகளும் இருக்கின்றன. பதினாறு வருட இடைவெளிக்குப் பிறகு 'டொக்டர் ஹூ' தொடராகத் திரும்பி வந்த நாள், 2005 மார்ச் 26. கடையின் நிலவறையில் கதாநாயகி தனிய நிற்கிறாள், பொம்மைகள் அசையத் தொடங்குகின்றன, நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. அதற்குள் கிரஹாம் நோர்ட்டனின் குரல். வேறொரு நடன நிகழ்ச்சிக்காகக் கதைத்துக்கொண்டிருந்தவரின் சத்தம் தவறுதலாக இதற்குள் கசிந்துவிட்டது. சரி, அது விபத்து.

ஐந்து வருடம் கழித்து, 2010 ஏப்ரல் 24. அதே தொடர். டொக்டராக நடித்த மற் ஸ்மித் எதிரிகளுக்குச் சவால் விட்டுக்கொண்டு துப்பாக்கியை உயர்த்துகிறார், இனி அடுத்த கிழமைதான் என்று நெஞ்சு அடிக்கிற விநாடி. திரையின் அடியில் அதே கிரஹாம் நோர்ட்டன், இம்முறை கார்ட்டூன் உருவத்தில், அடுத்து என்னுடைய நிகழ்ச்சி வருகிறது என்று தலைகாட்டினார். எழுத்தோட்டம் வரும்வரைகூடப் பொறுக்கவில்லை! பிபிசிக்கு 5,000க்கு மேல் முறைப்பாடுகள் போயின. மன்னிப்புக் கேட்டார்கள். நோர்ட்டன் பாவம், இரண்டு தரமும் அவர் ஒன்றும் செய்யவில்லை.

முறைப்பாடு செய்தவர்களை அன்றைக்குப் பலர் பகிடி பண்ணினார்கள். எனக்கு அவர்களின் பக்கம்தான் நியாயமாகத் தெரிகிறது. எழுத்தோட்டம் பெயர்களுக்கு மட்டும் உள்ள இடம் இல்லையே. கதைக்குள் இருந்து வீட்டுக் கூடத்துக்குத் திரும்பி வருகிற ஒழுங்கை அது. அதே 'டொக்டர் ஹூ'வில் 1982 மார்ச்சில் ஏட்ரிக் என்ற பையன் சாகிறான். அன்றைக்கு வழக்கமான இசையைப் போடாமல், அவனுடைய உடைந்த பதக்கத்துக்கு மேலே பெயர்களைச் சத்தமே இல்லாமல் ஓடவிட்டார்கள். சின்ன வயதில் அதைப் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னோடு வேலை செய்கிறார், ஐம்பது தாண்டியவர். அந்த அரை நிமிஷத்தைத்தான் சொல்லுவார், பையன் செத்த காட்சியைச் சொல்லமாட்டார். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் வழக்கமாக மேளம் டுப் டுப் என்று அடித்து முடியும். மனம் கனக்கிற நாட்களில் அதற்குப் பதிலாக பியானோவில் மெல்லிய இசை ஒன்று வரும். சைமன் மே அதே மெட்டை மாற்றி அமைத்தது, பெயர் 'ஜூலியாஸ் தீம்'. பியானோ கேட்டாலே இன்றைக்கு ஆரோ போட்டினம் என்று அம்மாவுக்கு விளங்கிவிடும். இப்படி முடிவுக்கென்று ஒருவர் இருந்து இசை அமைக்கிறார். அதற்கு மேலே ஒருவர் மரக்கறி நடுவது எப்படி என்ற நிகழ்ச்சிக்கு ஆள் பிடித்தால், செத்த வீட்டுக்குள் வந்து சீட்டுக்காசு கேட்ட மாதிரி.

நான் வழக்கறிஞர் மாதிரி ஒரு பக்கம் மட்டும் கதைக்கவில்லை. கேஃபர், பெஸ்ட் போய், கிரிப் என்று ஓடுகிற பட்டியலை உட்கார்ந்து வாசிக்கிறவர் எத்தனை பேர்? மருமகளுக்கு வேலை கிடைக்கும்வரை நானும் வாசித்ததில்லை. பெஸ்ட் போய் என்பது விளக்குப் பகுதியில் கேஃபருக்கு அடுத்த ஆள் என்று போன வருடம்தான் அறிந்தேன். அதுவரை படப்பிடிப்பில் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டவருக்குக் கொடுக்கிற பட்டம் என்றே நினைத்திருந்தேன். தேடுகிறவர்களுக்கு ஐஎம்டிபி இருக்கிறது. அதுவே 1990இல் கொல் நீடம் என்ற ஆங்கிலேயர் ஆசைக்குச் சேர்த்த பட்டியலில் இருந்து வளர்ந்ததுதான். இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன்: வன்முறை, தற்கொலை பற்றிய நாடகங்கள் முடிந்ததும் அந்தக் குரல் தணிந்து, உங்களுக்கு மனம் கஷ்டமாக இருந்தால் இந்த இலக்கத்துக்கு எடுங்கள் என்று சொல்லும். அந்த இடத்தில் ஒரு மனிதக் குரல் குறுக்கே வருவது எனக்குச் சம்மதம்.

பிபிசி 2006இல் 'பிளானற் ஏர்த்' போட்டபோது வேறொன்று செய்தது. ஒவ்வொரு பகுதியின் கடைசிப் பத்து நிமிஷமும், அதைப் படம்பிடித்தவர்கள் குளிரிலும் சேற்றிலும் பட்ட பாட்டைக் காட்டினார்கள். அம்மாவுக்கு அதுதான் பிடிக்கும். பனிச்சிறுத்தையைவிட அதற்காக வாரக்கணக்கில் காத்துக்கிடந்த கமெராக்காரப் பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட்டார், சாப்பிட்டானோ தெரியாது என்று.

நெட்ஃபிளிக்ஸ் வகையறாக்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அங்கே குறுக்கே கதைக்க ஆளே இல்லை. படம் தானாகச் சுருங்கும், அடுத்த பகுதிக்கு விநாடி இறங்கும். பெயர்களைப் பார்க்கவேண்டும் என்றால் அந்த விநாடிகளுக்குள் ரிமோட்டைத் தேடி, சரியான பொத்தானை அமத்தவேண்டும். அம்மாவின் விரல் போக முந்தி அடுத்த கொலை நடந்துவிடும்.

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவிடம் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவளை ஒண்டும் சொல்லாதை" என்றார். அவள் என்றால் அந்தக் குரல். அப்பா போனபிறகு அம்மா தனிய இருக்கிறார். இரவு பத்துப் பத்தரைக்கு வீட்டில் கேட்கிற ஒரே ஆளின் சத்தம் அவளுடையது. மழை வரப்போகிறது என்றால் இடையில் மழையைப் பற்றி ஒரு சொல் சொல்லுவாளாம். ஒரு கிறிஸ்மஸ் இரவு இருமினாளாம். அம்மா அடுத்த இரண்டு நாளும் குரல் தெளிந்துவிட்டதா என்று கவனித்திருக்கிறார். நிகழ்ச்சியில் பாதியில் நித்திரையாகிவிட்டாலும் அவள் கதைக்கிற நேரம் முழிப்பு வந்துவிடுமாம்.

"பேர் என்ன, அம்மா?"

"ஆருக்குத் தெரியும். அவளுக்குத்தானே ஒருத்தரும் பேர் போடுறதில்லை."

நான் யோசித்துப் பார்த்தேன். கே.எஸ். ராஜாவுக்கு ஒரு பெயர் இருந்தது. ஜாஸ்மின் பிளைக்கு இருந்தது. இவளை ஒரு நாளில் எத்தனை ஆயிரம் வீடுகளில் கேட்கிறார்கள், எந்த எழுத்தோட்டத்திலும் இவள் இல்லை. இனி வரும் காலத்தில் கம்ப்யூட்டர் குரலைப் போட்டு இவளையும் அனுப்பிவிட்டால், அதை அறிவிக்கவும் ஆள் இருக்காது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

மருமகள் படப்பிடிப்பில் வெளியூரில் நின்றாள், இரண்டு கிழமை கழித்துத்தான் போனில் பிடித்தேன். ஆக நீளமான வரியைப் பிடித்து உன்னைக் கண்டுபிடித்தோம் என்று பெருமையாகச் சொன்னேன். அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள், சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

"மாமா, அது நான் இல்லை. அது செற் போட்ட தச்சன், போலந்துக்காரர். என்ரை பேரைச் சுருக்கித்தான் போட்டிருக்கினம். அதுக்கு நாலு வரி கீழை."

நாலு வரி கீழே பார்த்தேன். அந்த இடத்தில் எங்கள் படத்தில் ரீவியின் கண்ணாடியில் பட்ட மின்குமிழ் வெளிச்சம்தான் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லப் போனபோது அவர் அந்தப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருந்தார், கீழே காந்தத்தில் திருச்செந்தூர் முருகன். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டு அந்த நீளமான வரியைத் திரும்ப எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

"அந்தத் தம்பியின்ரை வீட்டிலையும் ஆரும் தேடியிருப்பினம், என்ன?" என்றார்.

படத்தை அகற்றவில்லை.